தண்டவாளத்தோரம் நின்ற ஆள்

"அத்துமீறி நுழைந்தவருக்கு ரயில்வே பொறுப்பாகாது" என்று பதில் மனுவில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது என் கட்சிக்காரி பாண்டிச்செல்விதான். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் வேலை அவளுக்கு. ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் தண்டவாளத்தைக் கடந்தபோது ரயில் அடித்து வலது கால் முழங்காலோடு போய்விட்டது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டுவிட்டு, வாயைத் திறந்தால், "தப்பு எம்மேலதான் வக்கீலம்மா" என்கிறாள். இதையே கோர்ட்டிலும் சொன்னால் வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அதே ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தவள், அன்றைக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை? போனில் பேசிக்கொண்டு வந்தாளா என்றால் அதுவும் இல்லை. கம்பெனிக்குள் போனை விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாளாம். நானும் விடுவதாக இல்லை.

"அன்னைக்கு என்ன கிழமை?"

"ஆடி மொத வெள்ளி. அங்கன ரயில்வே ஆளு கொடியோட நின்னாரு. ஆளு நின்னா நாங்க பாக்க மாட்டோம்ல."

"ஏன் பாக்க மாட்டீங்க?"

அவள் விவரமாகச் சொன்னாள். இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து போகும் கூட்டம் அந்தப் பாதை வழியாகத்தான் போகும். ஆடி கடைசி வெள்ளிக்கு ரயில்வேயே அங்கே கொடியோடு ஒரு ஆளை நிறுத்தும். வண்டி வருகிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார்; ஜனங்கள் பேசிக்கொண்டே கடப்பார்கள். முதல் வெள்ளியன்றும் அவர் அதற்குத்தான் நிற்கிறார் என்று இவள் நினைத்திருக்கிறாள். இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த ஆள் பெயர் சாம்சுந்தர், தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளி. ரயில்வே தரப்பு சாட்சியாகவே கூண்டில் ஏறினார்.

"மொத வெள்ளிக்கு அங்க எதுக்கு நின்னீங்க?" என்று கேட்டேன்.

"போல்ட்டு முடுக்கிட்டு இருந்தேன். வண்டி வந்துச்சு. கொடிய எடுத்துக்கிட்டு ஓரமா ஒதுங்கி நின்னேன்."

"கடைசி வெள்ளிக்கு எங்க நிப்பீங்க?"

"அதே எடத்துலதாம்மா. ஜனங்களக் கடத்தி விடுவேன்."

"உங்களை அங்க நிறுத்துறது யாரு?"

"எங்க ஆபீஸ்தான்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ரயில்வே வக்கீலைப் பார்த்தார். "நீங்களே ஆள் வச்சுக் கடத்தி விடுற பாதை. அதுல வந்தவங்களை அத்துமீறி வந்தவங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

சாம்சுந்தர் கூண்டை விட்டு இறங்காமல், பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வியையே பார்த்தார்.

"என்னையப் பாத்துட்டா தாயி தண்டவாளத்துல ஏறுன? நான் கத்துனேனே... வண்டி வருதுன்னுதான நான் ஒதுங்கி நின்னேன்."

இவள் இப்போதும் தப்பைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன்.

"அது எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி. கேட்டுவிட்டு, கால் போன இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.