கஜந்தி வழங்காத தீர்ப்பு

சுசீலாதேவியின் மகள் கஜந்தி நீதிபதியான பிறகு ஒரு கலியாணவீட்டுக்கும் வரவில்லை. சாமத்தியவீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா, எதற்கும் இல்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் இருந்த தமிழ்ச்சனம் முதலில் கோபித்தது, பிறகு கேலி செய்யத் தொடங்கியது. "ஜட்ஜம்மாவுக்கு எங்கட சோறு இறங்காதாம்" என்று செல்வமலர் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அடுத்த மாதம் அதே செல்வமலர் போன் எடுத்தாள். "அக்கா, வேகமா ஓடினதெண்டு இவற்ற லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்கள். மகளிட்ட ஒருக்கா சொல்லிவிடுங்கோவன்."

கஜந்தி சனத்தை விட்டு விலகி நின்றதற்குக் காரணமே அதுதான். "இந்தப் பக்கத்தில எத்தினை தமிழாக்கள் அம்மா? எல்லாற்ற வீட்டிலயும் சாப்பிட்டிட்டு நான் ஆற்ற வழக்கைக் கேக்கிறது? தெரிஞ்ச ஆளெண்டா நான் இன்ஹபில். எழும்பி வெளியில போகவேணும்." வழக்கோடு சம்பந்தப்பட்டவரை அறிந்த நீதிபதிக்கு டெனிஷ்காரர் சொல்லும் சொல் அது. அதைச் சொல்லும்போது கஜந்தியின் முகம் ஏதோ தொற்று நோயைச் சொல்வதுபோல இறுகும்.

அவள் எஸ்பியர்க்கில் பிறந்தவள். தாய் மீன் ஆலையிலும் தகப்பன் சபாரத்தினம் இரும்பு வார்ப்பு ஆலையிலும் நின்று அவளைப் படிப்பித்தார்கள். சட்டம் முடித்து, கொப்பன்ஹேகனில் அமைச்சு ஒன்றில் சில வருடம் இருந்து, பிறகு மூன்று ஊர்களில் பயிற்சி நீதிபதியாக வாடகை கட்டாதவர்களையும் பிரிந்துபோகிற புருசன் பெண்சாதிகளையும் கேட்டாள். மேல்நீதிமன்றத்தில் ஒன்பது மாதம் அவளைச் சோதித்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்பதாவது வயதில் நியமனம் வந்தது. சபாரத்தினம் அதற்கு முந்தின வருடமே போய்விட்டார்.

"கறுப்பு அங்கியோட ஒரு படம் அனுப்பு பிள்ளை, அப்பாவின்ர படத்துக்குப் பக்கத்தில வைக்க" என்று சுசீலாதேவி கேட்டாள்.

"கீழ்க்கோட்டில அங்கி இல்லை அம்மா. வீட்டை வாற இதே உடுப்போடதான் இருக்கிறனான்."

தாய்க்கு அது பெரிய ஏமாற்றம். இவ்வளவு படித்தும் உடுப்பு மாறவில்லையே என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கஜந்தி சாப்பிட வருவாள். அப்போது வழக்கைப் பற்றித் தாய் கேட்கக்கூடாது, மகள் சொல்லமாட்டாள். அந்த ஒழுங்கு நாலு வருடம் பிசகாமல் நடந்தது.

சுசீலாதேவி அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அங்கே எட்டு வருடமாக அவளோடு சோடியாக நின்றவள் தவமணி. கிழவர்களைத் தூக்கி இருத்தும்போது ஒருத்தி தோளைப் பிடித்தால் மற்றவள் காலைப் பிடிப்பாள். தவமணி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள், படைத்த சாப்பாட்டைத் தொடமாட்டாள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் சுசீலாதேவி படைப்பதற்கு முன்னமே அவளுக்கென்று நாலு வடை எடுத்து வைத்துவிடுவாள். புருசன் கிறிஸ்துராஜா வைலேயில் ஒரு கிடங்கில் வேலை. ஒரே மகன் தினேஸ், மூன்று வயதில் இங்கே வந்தவன். குடியுரிமைக்கு எழுதிப்போட வேண்டிய வயதில் "பிறகு பாப்பம்" என்று விட்டுவிட்டார்கள். இருபத்துநாலாவது வயதில் ஒரு மதுக்கடை வாசலில் நடந்த சண்டையில் அவன் ஒருவனைப் போத்தலால் அடித்தான் என்று வழக்கு. அடிபட்டவனுக்கு ஒரு கண் போய்விட்டது. தள்ளினது மட்டும்தான் நான் என்று தினேஸ் சொன்னான்.

ஒரு நாள் துணி அடுக்கும் அறைக்குள் தவமணி கதவைச் சாத்திவிட்டு சுசீலாதேவியின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அக்கா, வக்கீல் பேர் சொன்னவர். உங்கட மகள்தான் ஜட்ஜ். இது கர்த்தர் காட்டின வழி."

"அவள் இதுகளைக் கதைக்க விடமாட்டாள், தவமணி."

"நான் விடுதலை கேக்கேல்லை. மறியல்ல இருக்கட்டும். நாட்டை விட்டு அனுப்பாட்டிக் காணும். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவும் தெரியாது. அங்க ஆரிட்டப் போய் நிப்பான்? நல்ல பெடியன் எண்டு ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு அக்கா."

அந்த ஞாயிறு சுசீலாதேவி புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். மகள் இரண்டாம் முறை குழம்பு விடும்வரை பார்த்திருந்தாள்.

"பிள்ளை, வாற கிழமை தினேஸ் எண்டு ஒரு பெடியன்ர வழக்காம்…"

"அம்மா, நிப்பாட்டுங்கோ."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று தாய்க்குப் பட்டது. "என்னோட வேலை செய்யிற தவமணியின்ர மகன். எட்டு வருசமா அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி. நல்ல பெடியனாம்."

கஜந்தி கையிலிருந்த புட்டைத் தட்டில் போட்டாள். "நான் அவனை ஒரு நாளும் கண்டதில்லை. தாய் ஆரெண்டும் தெரியாது. அதாலதான் அந்த வழக்குக் கோப்பை வைச்சு வாசிச்சனான். முழுக்க வாசிச்சு முடிச்சிட்டன்."

"அப்ப நல்லதுதானே?"

"இப்ப தெரியும். நீங்கள் தெரிய வைச்சிட்டீங்கள்."

"நான் சொல்லேல்லை எண்டு நினைச்சுக்கொள். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் அம்மா."

அடுத்த நாள் காலை கஜந்தி நீதிமன்றத் தலைவரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு விலகினாள். வழக்கு வேறு நீதிபதியிடம் போனது. இரண்டரை வருடச் சிறை, பிறகு நாடு கடத்தல், பன்னிரண்டு வருடம் திரும்பி வரக்கூடாது. மேல்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த காலம் கழிய, ஒன்றரை வருடத்தில் இரண்டு பொலிஸ்காரர் தினேஸைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

தவமணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலை நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் எடுத்து வைத்த வடைகளை சுசீலாதேவி சில வாரம் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். பிறகு எடுத்து வைப்பதை விட்டாள்.

"அம்மா, அக்காவுக்கு அதில ஒரு வாக்குத்தான்" என்று கஜந்தியின் தம்பி கஜதீபன் விளங்கப்படுத்தினான். "சாதாரண ஆக்கள் ரெண்டு பேர் பக்கத்தில இருப்பினம். மூண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு. அவ விடச் சொன்னாலும் மற்ற ரெண்டு பேரும் அனுப்பச் சொன்னா அனுப்புறதுதான்." அந்த ஆறுதல் ஒரு பின்னேரம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கஜந்தி வழக்குக் கோப்பை முழுக்க வாசித்தவள், வாதாடத் தெரிந்தவள். அவள் ஒருத்தி வேண்டாமென்றிருந்தால் மற்ற இருவரும் கேட்டிருக்க மாட்டார்களா? அல்லது அவளே அனுப்பத்தான் சொல்லியிருப்பாளா? அது ஒன்றைத் தவிர சுசீலாதேவிக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

தினேஸ் போன அதே மாரியில் கஜந்திக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே பிந்திவிட்டது. சுசீலாதேவி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு மத்தியானம், கஜதீபன் கோப்பி எடுக்கப் போயிருந்த நேரம், கேட்டாள்.

"பிள்ளை, நான் வாய் திறக்காம இருந்திருந்தா அந்தப் பெடியனை விட்டிருப்பியோ?"

கஜந்தி கண்ணைத் திறந்தாள். "அது என்ர வழக்கில்லை அம்மா."

"எனக்கு மட்டும் சொல்லன். நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

மகள் உலர்ந்த உதட்டோடு மெல்லச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. ஐந்தாம் நாள் அவள் இறந்தபோது நாற்பத்துநாலு வயது.

முப்பத்தோராம் நாள் சடங்குக்குத் தவமணி வந்தாள். சுசீலாதேவி அடுப்படியில் வைத்து, படைக்காத சோற்றிலிருந்து அவளுக்குப் போட்டுக் கொடுத்தாள். தவமணி சாப்பிடாமல் தட்டை மடியில் வைத்திருந்தாள்.

"கேக்கக் கூடாதுதான் அக்கா. மகள் கடைசியில ஏதும் சொன்னவவோ? அவவெண்டா என்ர பிள்ளையை விட்டிருப்பாவோ?"

சுசீலாதேவி அவளைப் பார்த்தாள். தவமணியின் கன்னம் வற்றி, மேல்சட்டை தோளில் தொங்கியது. அவளும் துணி அறைக் கதவைச் சாத்திய அந்த நாளைத்தான் இவ்வளவு காலமும் சுமந்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை என்ற உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் சாகும்வரை சுமக்க வேண்டியதுதான். ஒருத்தியாவது இறக்கி வைக்கட்டும்.

"சொன்னவள். தானெண்டாலும் அனுப்பித்தான் இருப்பனெண்டு சொன்னவள். சட்டம் அப்பிடியாம்."

"அப்ப நாங்கள் கதைச்சதால இல்லை?"

"இல்லை."

தவமணி அழுதாள். அழுது முடிந்ததும் சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். வாசலில் சப்பாத்தை மாட்டும்போது, நிமிராமலே, "அவவும் ஒரு தமிழ்ப்பிள்ளைதானே, அக்கா. எங்களை ஒருக்கா நினைச்சுப் பாத்திருக்கலாம்" என்றாள். அதன் பிறகு அவள் வரவில்லை.

கோடையில் கோயிலில் அன்னதான வரிசையில் சுசீலாதேவியும் கஜதீபனும் நின்றார்கள். முன்னால் நின்ற, எஸ்பியர்க்கிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "செத்துப்போன அந்த ஜட்ஜ், தமிழ்ப்பெடியன் எண்டும் பாராம அனுப்பத்தான் இருந்தவவாம். தாயே வாயால சொன்னவவாம்."

கஜதீபன் குனிந்து தாயின் முகத்தைப் பார்த்தான். "அக்கா அப்பிடிச் சொன்னவவோ?"

இல்லை என்று சொன்னால், முன்னால் நின்றவள் வழியாக நாளைக்கே தவமணியின் காதுக்குப் போகும்.

"ஓம்" என்றாள் சுசீலாதேவி.

அவன் நிமிர்ந்தான். "நான் அவவை வேற மாதிரி நினைச்சிருந்தனான்" என்று டெனிஷில் சொல்லிவிட்டு, வரிசையை விட்டு விலகிக் காரடிக்குப் போனான். வரிசை நகர்ந்தது. சுசீலாதேவி தட்டை நீட்டினாள்.