பாதியில் விட்ட பாட்டு

மேடையில் கிதார்க்காரன் நெட் முதல் தந்தியைத் தொட்ட நேரம் பார்த்துத்தான் கோரின் வாயைத் திறந்தாள்.

"அக்கா காரோட வெளிய நிக்கிறா. இது முடிஞ்சதும் நான் அவகூட டுலூத்துக்கு, அவ ஊருக்குக் கிளம்பறேன். நீ வரியா, இல்லையா? இப்பவே சொல்லிடு."

வெண்டல் ஒரு நொடி தன் உதட்டில் விரலை வைத்து எடுத்தான்.

கொடுமைக்காரன் என்று அவனைத் திட்டிவிட வேண்டாம். அந்த இடத்தில் நின்ற எவனும் அதைத்தான் செய்திருப்பான். டர்னிப் ஹைவே இசைக்குழு தன் கச்சேரியை ரசிகர்களே பதிவு செய்துகொள்ள விடும். அதற்கென்று ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னால் கயிறு கட்டி இடம் ஒதுக்கித் தரும். கயிற்றுக்குள் வந்துவிட்டால் இருமலைக்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்த வெர்மான்ட் மலைச்சரிவில் பேய்க்காற்று வேறு. பலரும் மைக்கைத் தூக்காமலே விட்டுவிட்டு, வெண்டலின் மைக்கிலிருந்து கம்பி இழுத்துத் தங்கள் பதிவுக் கருவிகளில் செருகிக்கொண்டார்கள். மைக் கட்டிய கழி ஆடாமல் இருக்க அவன் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசினால் அத்தனை பேர் பதிவிலும் அது விழும். கழியை விட்டால் அத்தனை பேருக்கும் கச்சேரி போச்சு.

கோரினுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. வருஷக்கணக்காக இந்தக் குழு போகும் ஊருக்கெல்லாம் அவனோடு வேனில் அலைந்தவள், வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கியவள். இப்போது அவளுக்குக் கூரை வேண்டும், தபால் வருவதற்கு ஒரு விலாசம் வேண்டும், பல்வலிக்கு ஒரே வைத்தியரிடம் இரண்டாம் முறை போக வேண்டும். அக்கா லோர்னா தன் ரொட்டிக் கடையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தாள். நியாயமான ஆசைதான். வெண்டலுக்கும் முதுகு வலிக்கத்தான் செய்தது. அதைவிட, அவள் இல்லாத வேனை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வருகிறேன் என்று அவன் மனம் அப்போதே சொல்லிவிட்டது. பாட்டு முடியட்டும், கைதட்டலில் சொல்லிவிடலாம் என்று நின்றான்.

பாட்டு முடிந்தால்தானே?

'படகுக்காரன் சட்டை' என்ற அந்தப் பாட்டில் பல்லவி, இரண்டு சரணம், அப்புறம் மனோதர்மம், அதற்கும் அப்புறம் கடைசிச் சரணம். நெட் மனோதர்மத்துக்குள் இறங்கினான். ஒரு சின்னப் பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பி வாசித்தான். மில்லி பியானோவில் அதைக் கொஞ்சம் கோணலாக்கித் திருப்பிக் கொடுத்தாள். பேஸ் கிதார் வாசிக்கும் கஸ் மட்டும் அசையாமல் ஒரே ஸ்வரத்தில் நின்றான். கஸ் அப்படி நின்றால் லேசில் விடமாட்டான் என்பது வெண்டலுக்கு அத்துப்படி.

மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில் அவன் கண்ணை மூடியிருப்பான். இந்தக் குழுவின் ஒவ்வொரு கச்சேரியையும் கேட்டு அவன் எழுதும் தீர்ப்புக்காக ரசிகர்கள் காத்துக் கிடப்பார்கள். வெண்டல் நல்லாயிருக்கு என்றால்தான் நல்லாயிருக்கு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிறுத்துவதை அவன் கிழித்துத் தொங்கவிடுவான். "இவங்க தண்ணி குடிக்கவா நாம மலையேறி வந்தோம்?" என்று ஒரு முறை எழுதியது குழுவின் காதுவரை போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்துவதே குறைந்துபோயிருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான்.

இன்று அவன் ஒரு தப்புக்காக ஏங்கினான். ஒரு தந்தி அறுந்தாலும் போதும். இல்லை, நெட் சுருதி விலகிச் சிரித்துக்கொண்டே நிறுத்தட்டும். நடுவில் டிரம்ஸ் அடங்கி மில்லியின் இரண்டு விரல் மட்டும் மிச்சமிருந்தபோது, முடிந்தது என்று கோரின் பக்கம் திரும்பியேவிட்டான். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து கஸ் அடியிலிருந்து 'உப்புக் கிணறு' பாட்டின் தாளத்தை முணுமுணுக்க ஆரம்பித்தான். இரண்டு பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. கூட்டம் ஓவென்றது. வெண்டலுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

பக்கத்தில் தன் கருவியோடு நின்ற ஆர்லோ என்ற ரசிகன் சமாசாரத்தைப் புரிந்துகொண்டவன். கழியை என்னிடம் கொடு என்று கையை நீட்டினான். நல்ல பையன்தான், ஆனால் தாளம் ஏறினால் அவன் இடுப்பு சும்மா இருக்காது. போன கோடையில் அவன் பிடித்த மைக்கில் ஒரு கச்சேரி முழுக்க ஒலி ஊஞ்சலாடியது. வெண்டல் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். கோரின் அதையும் பார்த்தாள்.

அதன்பின் அவள் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ மாட்டிக்கொண்டவன் கணக்காக, கை கழியில், காது நெட்டிடம், கண் அவள் தோள்பையில் என்று நின்றான். அந்த வேதனையிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இதைப் போல அவர்கள் வாசித்து அவன் கேட்டதே இல்லை. எப்போது நிறுத்துவார்கள் என்று தவித்தவனுக்கே உடம்பு சிலிர்த்தது. அதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் 'உப்புக் கிணற்றின்' உச்சியிலேயே டக்கென்று நிறுத்தி, கையை ஆட்டிவிட்டு, மேடையை விட்டு இறங்கிப் போனார்கள். கைதட்டல் ஓயும்வரை ஓடவிட்டு, கருவியை அணைத்து, வெண்டல் அவள் பக்கம் பாய்ந்தான்.

"வரேன். நான் உன்கூட வரேன், கோரின்."

அவள் முகம் இளகியது. அவன் சிவந்த உள்ளங்கையை எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

"அந்த விரல வெச்சு என்னை அடக்கினியே, அப்ப உன்னைக் கடிச்சு வெக்கணும் போல இருந்துச்சு."

"கடிச்சிருக்கலாம். நான் சத்தம் போட்டிருக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். பிறகு, எல்லாக் கச்சேரி முடிவிலும் கேட்பதைப் போலவே கேட்டாள். "சரி, எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். தொண்டைவரை வந்து நின்றதை எவன் நிறுத்துவது? மடை திறந்தது.

"நெட் அந்தச் சின்னப் பிடியை விடவே இல்ல பாரு, கவனிச்சியா? எல்லாரும் அவன் வழி தெரியாம சுத்தறான்னு நெனச்சிருப்பாங்க. இல்ல. கஸ் எறங்கி வரணும்னு காத்துக்கிட்டிருந்தான். மில்லி அந்த ரெண்டு விரலோட நின்னாளே, அவதான் ரெண்டு பாட்டுக்கும் நடுவுல பாலம் போட்டா. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு கேட்டதில்ல." ஆர்லோவும் மற்றவர்களும் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். "அதுவும் படகுக்காரன்ல கடைசிச் சரணத்தப் பாடாமலே போயிட்டாங்க. பாக்கி வெச்சிருக்காங்க. நாளைக்கு இதே மேடையில அதுலதான் தொடங்குவாங்க. பாதியில விட்டத முடிக்கிறத கேக்காம எப்படிப் போறது? நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு, மறுநாள் காலையிலேயே கிளம்பிடலாம். லோர்னாகிட்ட சொல்லேன், ஒரு நாள்தானே."

"ஆமா, அத விட்டுட்டு எப்படி?" என்றான் ஆர்லோ. கயிற்றுக்குள் நின்ற ஒருவருக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

தான் என்ன சொன்னோம் என்பது வெண்டலுக்கு உறைத்தபோது கோரின் அவன் கையை விட்டிருந்தாள். தோள்பையைச் சரிசெய்துகொண்டாள்.

"இரு, இரு. இந்தக் கம்பியெல்லாம் கழட்டிட்டு இப்பவே வந்துடறேன். நாளைக்குன்னு சும்மா சொன்னேன்."

"கழட்டு. எல்லாரோடதும் பத்திரமாக் கழட்டு," என்றாள் அவள். குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியிருப்பான். கோபமே இல்லை. அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போய், சரிவில் வாசலை நோக்கி நடந்தாள்.

முதல் கம்பியைப் பிடுங்கினான். அடுத்தது யாருடையது என்று தேடினான். அவளுடைய மஞ்சள் சட்டை கூட்டத்தில் தெரிந்தும் மறைந்தும் போய்க்கொண்டிருந்தது.

"தலைவரே, நாளைக்கு எப்ப வந்தா இதே எடம் கிடைக்கும்?" என்று ஆர்லோ கேட்டான்.

"வாசல் கேட் தொறக்கும்போதே வந்துடு," என்றான் வெண்டல், அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டே.