பருந்துத் தபால்தலை

தைபே தபால்தலைக் கண்காட்சிக்கு வருவதற்காக மெய்-யுன் தன் சோற்றுக்கடையை ஒரு நாள் மூடியிருந்தாள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவளா அவள்? கண்காட்சிக்கென்றே வெளியிட்ட தபால்தலையை வரைந்ததே அவள் மகள் ஷின்-ரோங்தான். கீலுங் துறைமுகத்தின் மேலே வட்டமிடும் பருந்து. வேறு யாரால் அந்தப் பருந்தை அப்படிப் போட முடியும்?

மெய்-யுன்னின் கணவனுக்கு அண்ணன் அ-டெங் என்று ஒருத்தர் இருக்கிறாரே, மீன் உருண்டைக் கடைக்காரர், அவருக்கு மட்டும் அது ஏறவே இல்லை. "படம் போட்டா வயிறு ரொம்புமா? பொண்ணைக் கெடுத்து வச்சிருக்கே" என்று புத்தாண்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு மெய்-யுன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். இப்போது அந்த மனுஷன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஷின்-ரோங் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற சேகரிப்பாளர்கள் தபால்தலைத் தாளை உறைக்குள் வைத்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி வந்தார்கள். மெய்-யுன் மகளிடம் சொல்லாமல் வந்திருந்தாள். ஒரு தாளும், துறைமுகப் படம் போட்ட அஞ்சலட்டையும் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். கைப்பையின் மேல் வைத்து அ-டெங்கின் விலாசத்தை எழுதினாள். தாளின் நடுவிலிருந்த தபால்தலையை டர்ரென்று கிழித்தாள். நாக்கால் நக்கி ஒட்டினாள்.

"ஐயையோ! என்னம்மா பண்றீங்க?" பின்னால் நின்ற கண்ணாடிக்காரர் அலறினார். "முழுத் தாளா வச்சிருந்தாத்தானே மதிப்பு! பாழாக்கிட்டீங்களே!"

"ஸ்டாம்ப்புன்னா ஒட்டறதுக்குத்தானே? எங்க பெரிய மச்சானுக்கு அனுப்பறேன், உமக்கென்ன?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். பெருமைப்பட வந்து, பெற்ற பிள்ளையின் மானத்தை வாங்கிவிட்டோமா? மெய்-யுன்னுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஷின்-ரோங் எழுந்தே வந்துவிட்டாள். "இவங்க எங்கம்மா" என்றாள், கூட்டத்துக்கே கேட்கும்படி. "காலையிலேருந்து கை வலிக்கக் கையெழுத்துப் போட்டாச்சு. இதை ஒட்டி அனுப்பணும்னு தோணினது இவங்களுக்கு மட்டும்தான்."

தன் வயிற்றில் பிறந்ததா இது என்று மெய்-யுன் அண்ணாந்து பார்த்தாள்.

மகள் விலாசத்தைப் படித்தாள். "பெரியப்பாவுக்கா? அம்மா, உன் கோபம் இருக்கே!"

"பேசாம கையெழுத்தைப் பெருசாப் போடு. அந்தாளுக்குக் கண்ணு மங்கல்."

கண்காட்சித் தபால் கவுண்டரில் இருந்தவர், பருந்தின் இறக்கை மறையாமல் ஓரமாக நினைவு முத்திரை குத்தினார். மெய்-யுன் தானே அட்டையைப் பெட்டியில் போட்டாள்.

சில நாள் கழித்து, மீன் உருண்டை வாங்கும் சாக்கில் அ-டெங்கின் கடைக்குப் போனாள். கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அட்டை தொங்கியது. அ-டெங் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் ஒருவரைப் போக விடாமல் பிடித்து வைத்திருந்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு வரைஞ்சது. அது குழந்தையா இருக்கறப்பவே நான் சொன்னேன், அதைப் படம் போட விடுங்கன்னு. யார் கேட்டா?"

திரும்பியவர் மெய்-யுன்னைப் பார்த்தார். பேச்சு அப்படியே நின்றது. காது இரண்டும் சிவந்துபோயின.

மெய்-யுன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க, மச்சான்? முதல்லேருந்து சொல்லுங்க."