ஐந்து பசை அட்டை

எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி திருமாறன், கரப்பான்பூச்சி மருந்து டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோதே நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயாக் கொட்டகையில் பறப்பது ஈ. ஜன்னல் கம்பியில் உட்கார்வது ஈ. பால் புட்டியின் வாயிலும், தூங்குகிற பிள்ளைகளின் கடைவாயிலும் மொய்ப்பது ஈ. ஈக்கும் கரப்பானுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனுக்கு எஸ்டேட் ஆபீசில் மேசை நாற்காலி எதற்கு?

"கிராணி ஐயா, இது லிப்பாசுக்கு அடிக்கிற மருந்து. மூலையில இடுக்குல ஒளிஞ்சிருக்கிறதுக்கு அடிக்கிறது. இங்க லிப்பாஸ் ஒன்னுகூட கிடையாது."

"பூச்சின்னா பூச்சிதானே லா. அடிச்சுப் பாரு."

"பிள்ளைங்க தவழ்ற தரையிலயா அடிக்கச் சொல்றீங்க?"

திருமாறன் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீ சுத்தமா வச்சிருந்தா ஈ ஏன் வரப்போவுது? திங்கக்கெழம சுகாதார ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள ஈ நிக்கலன்னா கொட்டாய பூட்டச் சொல்லிருவாங்க. தொறக்கும்போது நீ இருக்க மாட்ட, வேற ஆளுதான் இருக்கும். இப்பவே சொல்லிட்டேன்."

ஒன்பது வருடமாக அந்தக் கொட்டகைக்கு நீலாவதிதான் ஆயா. காலை ஆறரைக்குத் தாய்மார்கள் தேயிலை மலைக்குப் போகும்போது பிள்ளைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது பதினான்கு பேர். ஒரு பிள்ளைக்கும் அவள் கையால் ஒரு கேடு வந்ததில்லை, போன மாதம் வரைக்கும். மூன்று வாரமாக எங்கிருந்தோ ஈ வந்து அப்புகிறது. நாலு பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. ரூபினியின் இரண்டு வயது மகள் யுவனேஸ்வரி தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருந்தாள்.

பார்க்கப் போன நீலாவதியை ரூபினி உள்ளே விடவில்லை. வராந்தாவிலேயே நிறுத்தினாள்.

"உங்க கைய நம்பித்தானேக்கா விட்டுட்டுப் போனேன். கழுவாத கையோடவா பிள்ளைக்கு ஊட்டினீங்க?"

நீலாவதியின் கை ஒரு நாளைக்கு முப்பது தடவை சோப்பு பார்க்கிற கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அதை ரூபினியிடம் நீட்டிக் காட்டவா முடியும்? பஸ் ஏறி வந்துவிட்டாள். வழியெல்லாம் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவள் செய்யாத சுத்தம் இல்லை. கால்வாயில் குளோரக்ஸ் ஊற்றினாள். குப்பைத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். சோற்றுப் பானையை மூடி, மூடிமேல் கல் வைத்தாள். ஈ குறையவில்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் எதிர்ப் பள்ளத்துக் காய்கறித் தோட்டத்தைக் கை காட்டினார்கள். அங்கே இருந்து கோழி எரு வாடை எப்போதும் வரும். அந்த மலையில் பிறந்தவர்களுக்கு அது மழை வாடை மாதிரிப் பழகிப்போனது. ஆனால் அந்தத் தோட்டம் இருபது வருடமாக இருக்கிறது. ஈ வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இதை யோசிக்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. ஆயாவைத் திட்ட மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கியா பார்ம் கடையில் ஐந்து பசை அட்டை வாங்கி வந்தாள். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் பூச்சி பிடிக்கத் தொங்கவிடுகிற மஞ்சள் அட்டை. ஒன்றைக் கால்வாய்ப் பக்கம் கட்டினாள், ஒன்றைக் குப்பைத் தொட்டியிடம், ஒன்றைக் கக்கூஸ் கதவில், ஒன்றைச் சமையல் ஜன்னலில். ஐந்தாவதைக் கொட்டகைக்குப் பின்னால், எஸ்டேட் கோயிலைப் பார்த்த வேலியில். எந்த அட்டை முதலில் நிறைகிறதோ அந்தப் பக்கமிருந்துதான் ஈ வருகிறது. இதற்கு ஆபீசர் படிப்பு வேண்டியதில்லை.

மத்தியானம் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போய் எண்ணினாள். நாலு வயசு மகேனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. பத்து வந்ததும் கை தட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். கால்வாயில் நாலு ஈ. கக்கூஸில் ஆறு. குப்பைத் தொட்டியில் பதினொன்று. ஜன்னலில் ஒரு முப்பது இருக்கும். வேலி அட்டைக்கு வந்ததும் மகேன் எண்ணாமல் நின்றுவிட்டான். மஞ்சளே தெரியவில்லை. அட்டை கறுப்பாக, உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், அவள் வேலியைத் தாண்டிக் கோயில் பக்கம் நடந்தாள். கோயிலுக்குப் பின்னால் நந்தவனம். அடுத்த மாதத் திருவிழாவுக்காகச் சாமந்தி போட்டிருந்தார்கள். அதன் வாசலில் ஒரு தகரப் பலகை, சிவப்புப் பெயிண்டில்: 'நந்தவன உரம் உபயம்: சிவசாமி, நீலாவதி குடும்பத்தினர்.'

சிவசாமி அவள் புருஷன். கோலா தெர்லாவில் காய்கறி லாரி ஓட்டுகிறவர். போன மாதம் அங்கே ஒரு தோட்டத்தில் சொல்லி இருபது சாக்கு உரம் வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். காய்ந்து பதமான உரம் என்றுதான் வீட்டில் சொன்னார். பலகை வைத்த அன்று அதற்குக் குங்குமம் வைத்தவளே நீலாவதிதான். எத்தனையோ வருடமாக மற்றவர்கள் பெயரைப் பலகையில் வாசித்தவள், தன் பெயரைப் பார்த்து அன்றைக்குப் பூரித்துப் போனாள்.

சாக்குகள் மூலையில் நீலக் கென்வாஸ் போர்த்திக் கிடந்தன. அவள் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் குளிரில் உள்ளேயிருந்து ஆவி வந்தது. பச்சைக் கோழி எரு, ஈரம் காயாதது. கென்வாஸ் மூடியதில் வெந்நீர்ப் பானை மாதிரி சூடாகியிருந்தது. இந்த மலைக் குளிரில் சாதாரணமாக அவ்வளவு சீக்கிரம் பெருகாத ஈக்கு, கம்பளி போர்த்திப் பிரசவம் பார்த்திருக்கிறார்கள். சாக்கின் கிழிசலில் சோறு சிந்தினதுபோல் வெள்ளைப் புழுக்கள். அடியில் பழுப்புக் கூடுகள் கைகொள்ளாமல் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு கூடு வெடித்து, ஒரு ஈ வெளியே வந்து சிறகைத் துடைத்துக்கொண்டது.

அவள் கென்வாஸை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த சிவசாமியிடம் கேட்டாள். "நந்தவனத்துல கென்வாஸ தொறந்து பார்த்தீங்களா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "பார்த்தேன்."

"எப்ப?"

"போன வாரம். எரு வந்த அன்னிக்கே கிராணிதான் வாட வருதுன்னு மூடச் சொன்னாரு. மூடுனதுல புழு வச்சிருச்சு. நானும் அவரும்தான் பார்த்தோம். திருவிழா முடியட்டும், அதுவரைக்கும் வாயத் தொறக்காதன்னாரு."

"கிராணிக்கும் தெரியுமா?"

"கோயில் தலைவரே அவர்தானே லா. உபயம் கொடுத்த எருவுல புழுன்னு வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும் நீலா."

"ஊரு என்னப் பார்த்துக் காறித் துப்புச்சே, அது உங்களுக்குப் பரவால்லயா? ரூபினி பிள்ளைக்கு என் கையாலதான் நோவு வந்துச்சுன்னு சொன்னப்ப இங்கதானே உக்காந்து சோறு தின்னீங்க? தெரிஞ்சுக்கிட்டேதானே தின்னீங்க?"

சிவசாமி இன்னொரு உருண்டை சோற்றை உருட்டினார்.

"இப்பவே லாரியக் கொண்டாந்து அள்ளுங்க."

"கிராணி மொகத்துல எப்படி முழிக்கிறது? கொஞ்சம் பொறுத்துக்க. உனக்கு வேற வேல கெடைக்காமயா போயிரும்?"

நீலாவதி அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் கொட்டினாள். அதற்கப்புறம் ஞாயிறு முழுக்க அவரோடு பேசவில்லை. பேச இனி அவரிடம் எதுவும் மிச்சமில்லை. பலகையில் குங்குமம் வைத்த தன் விரலை நினைத்தால்தான் அவளுக்கு எரிந்தது.

திங்கள் காலை பத்து மணிக்குச் சுகாதார அதிகாரி வந்தார். மலாய்க்காரர், சின்ன வயது, கையில் கோப்பு. திருமாறன் பின்னாலேயே வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. அம்மாக்கள் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முதல் நாள்தான் திரும்பிய யுவனேஸ்வரியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரூபினியும் நின்றாள்.

கொட்டகை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. நந்தவன வாசலில் எல்லாரும் பார்த்த பலகைதான். ஆனால் 'நந்தவன உரம்' என்ற எழுத்தின்மேல் கரி பூசியிருந்தது. 'நீலாவதி குடும்பத்தினர்' என்பதையும் ஆணியால் கீறி அழித்திருந்தது. கரிமேலும் கீறல்மேலும் சுண்ணாம்பில் புதிதாக எழுதியிருந்தது. 'ஈ உபயம்: சிவசாமி, திருமாறன்.' பலகைக்குக் கீழே அந்தக் கறுத்த பசை அட்டையும், மூடிபோட்ட ஒரு கண்ணாடிப் போத்தலும். போத்தலுக்குள் கோழி எரு, அதில் புழு, மூடியின் உள்பக்கம் புதிதாகப் பிறந்த ஈக்கள்.

திருமாறன் பலகையைப் பிடுங்கக் கையை நீட்டினார். நீலாவதி நடுவில் வந்து நின்றாள்.

"கைய வைங்க பாப்போம்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அதிகாரி பலகையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். "கோயில் வெசயம், ஒன்னுமில்ல," என்று திருமாறன் மலாயிலேயே அவசரமாக முனகினார்.

ரூபினி போத்தலைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். பலகையை ஒருமுறை வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள். பிறகு நீலாவதியின் வெடித்துக் கிடந்த விரல்களைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. பிள்ளையைத் தூக்கி நீலாவதியின் கையில் கொடுத்துவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"எம்புள்ளைக்கு இந்த ஈயெல்லாம் யாரு கொடுத்தாங்கன்னு எழுதியிருக்கு, தொவான் ஐயா," என்று நல்ல மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஒருத்தரு லாரி ஓட்டுறாரு. இன்னொருத்தரு உங்க பின்னாடி நிக்கிறாரு."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். திருமாறனின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியிருந்தது.

"இந்த எரு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்," என்றார் அதிகாரி.

யுவனேஸ்வரி நீலாவதியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையின் நெற்றியில் வந்து உட்கார்ந்த ஈயைத் தட்டிவிட்டு, நீலாவதி நந்தவனத்தைப் பார்த்து முன்னால் நடந்தாள்.