கோத்து வைத்த அட்டைகள்

"பொத்தான் போயிடுச்சுக்கா" என்று சட்டையை நீட்டினான் பூவராகவன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரேணுகாம்பாள் கைக்கு அகப்பட்ட கறுப்பு நூலிலேயே வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

"மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் ஓட்டுற தொரை, கறுப்பு நூல்ல பொத்தான் போட்டுக்கினு போறாரு பாரு."

"கம்பெனிக்காரன் சம்பளக் கணக்கு வந்துச்சான்னுதான் பாப்பான். என் பொத்தானை எவன் பாக்கறான்?"

வாசல் தாண்டியவன் திரும்பி வந்து, பழைய ஜரிகைப் பெட்டியில் அடுக்கியிருந்த கம்ப்யூட்டர் அட்டைகளைக் காட்டினான். "அப்பா, ஞாயித்துக்கிழமை வந்து கடைசியா ஒரு வாட்டி சரிபாக்கணும். வரிசை மட்டும் மாறக் கூடாது. மாறிச்சுன்னா ரெண்டு வருச உழைப்பும் பாழ்."

தறியிலிருந்த தணிகாசலம் தலையை நிமிர்த்தாமல், "ஆவட்டும்பா" என்றார்.

சேலைக் கரையில் ஒரு புதுப் பூ வேண்டுமென்றால், கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டமாக எண்ணி, தறி அட்டையில் ஓட்டை போட்டு, வரிசைப்படி நூலில் கோக்க மாசக்கணக்கில் ஆகும். அந்த எண்ணும் வேலையை கம்ப்யூட்டரே செய்து, கரையை அச்சடித்துத் தர வேண்டும் என்று புரோகிராம் எழுதி, வரிக்கு ஓர் அட்டையாக ஓட்டை குத்தி வைத்திருந்தான் பூவராகவன். ஆபீசில் மெஷின் சும்மா கிடக்கும் சாப்பாட்டு வேளையில் ஓட்டிப் பார்ப்பான். "இங்க இன்னா சேலை வியாபாரமா நடக்குது?" என்று பாதியில் நிறுத்தினார் அதிகாரி. அதற்கப்புறம்தான் எம்.டெக். சேரும் எண்ணம் வந்தது. ஒரு காலேஜ் புரொபசர், "திங்கக்கிழமை எங்க மெஷின்ல ஓட்டிக் காட்டு, சீட்டைப் பத்திப் பேசலாம்" என்றிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வர அவன் ஏறிய பஸ் லாரியில் மோதிக் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்த துணியில் அந்தப் பொத்தான் அறுபடாமல் இருந்தது.

காரியம் முடிந்ததும் சாமுவேல் வந்தான். பக்கத்து முசரவாக்கத்துக்காரன், பூவராகவன் ஆபீசிலேயே வேலை. "அக்கா, புரொபசர் மறுபடி மெஷின் தரேங்கறாரு. ஓடிச்சுன்னா அவன் கரை அச்சாகி வரும்."

"வந்தா நானே நெய்வேன்" என்றாள் ரேணுகாம்பாள். பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள்.

அட்டைகள் ஏணிபோல ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் இரு ஓரத்திலும் புதிதாக ஓட்டை போட்டு, நூல் விட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"எலி தள்ளிட்டா வரிசை போயிடும் இல்ல?" என்றார் தணிகாசலம். "புள்ள அதையே சொல்லிட்டுப் போனான். துக்கத்துக்கு வர்ற சனமெல்லாம் பெட்டிய நகத்துச்சு. அதான் கோத்துட்டேன்."

சாமுவேல் ஓர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இன்னா தம்பி?"

"மெஷின் ஓட்டையத்தாம்பா எழுத்தாப் படிக்கும். நூலுக்குப் போட்ட ஓட்டையையும் எழுத்துன்னே படிச்சிடும்."

"நூலை உருவிட்டா?"

"ஓட்டைய உருவ முடியாதேப்பா."

சில மெஷின்கள் ஓட்டைக்கு மேலே அதன் எழுத்தையும் அச்சடிக்கும்; அவர்கள் ஆபீஸ் மெஷின் ஓட்டை மட்டும்தான் போடும். புது ஓட்டைகள் பழைய ஓட்டைகளை விழுங்கிவிட்ட இடத்தில் என்ன இருந்தது என்று பூவராகவனைத்தான் கேட்க வேண்டும். சாமுவேல் சில ஞாயிறுகள் வந்து, ஊகித்து ஊகித்து எழுதிப் பார்த்தான். பிறகு அவனை பம்பாய்க்கு மாற்றிவிட்டார்கள். புரொபசரும் மெஷினை வேறு பையனுக்குக் கொடுத்தார்.

ரேணுகாம்பாளுக்கு யார்மேலாவது கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பாமேல் கத்த முடியுமா? ஆயுசுக்கும் அட்டையை அப்படித்தான் காப்பாற்றினவர். சொல்லாமல் போனவன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. நெசவுக்காரன் வீட்டில் அட்டையைக் கோக்காமல் எவன் வைப்பான்? 'கோக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் வாய் நோகுமா, பாவி?

"சாமுவேல் தம்பி ஏம்மா வர்றதில்ல?" என்று ஞாயிறுதோறும் கேட்பார் தணிகாசலம். ஈரப் பாத்திரத்தை நங்கென்று கவிழ்ப்பாள். "வேலையா இருக்கும்பா."

அவரும் போய் இப்போது வெகுகாலம் ஆகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கோத்த அட்டைகளை மடிமடியாக விரித்து, தூசி தட்டி வைப்பாள்.

ஓர் அட்டைகூட வரிசை மாறவில்லை.