ரிலென்ட்லெஸ் என்றால்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவளுடைய அப்பாவுக்கு வேலையிடத்தில் உடும்பு என்று பட்டப்பேர். பழுதான லிஃப்ட் ஓடும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். ஆண்டு விழா மேடையில் மேலாளர் அவரை 'ரிலென்ட்லெஸ்' என்று சொல்லிக் கைகுலுக்கினார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அர்த்தம் கேட்டார்.

"எடுத்ததை முடிக்காம விடமாட்டாங்கன்னு அர்த்தம்ப்பா" என்றாள். மனிதருக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

பிறகு அவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவத் தொடங்கியது. நரம்பு டாக்டர் மகளிடம் ஆங்கிலத்தில் பேசினார். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது, இது ரிலென்ட்லெஸ் என்றார். அத்தனை பேச்சில் அப்பாவுக்குப் பிடிபட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

"பாத்ததுமே ஆளை எடை போட்டுட்டாரு பாத்தியா" என்றார் பஸ்ஸில்.

மனிதரைச் சொன்னால் பாராட்டாக இருக்கும் சொல், நோயைச் சொன்னால் ஈவிரக்கம் இல்லாதது என்றாகிவிடும். அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆமாம்ப்பா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ரப்பர் பந்தைப் பிசைந்து மல்லுக்கட்டினார். உடம்பை வருத்தக்கூடாது என்றால் காதில் ஏறவில்லை. சும்மா உட்கார்ந்தால் டாக்டர் பேச்சு பொய்யாகிவிடுமாம். அம்மா ஊட்ட வந்தால் வாயை இறுக்கிக்கொள்வார். பாதிச் சோறு மடியில் விழும். ஒரு மத்தியானம் தனியாக எழுந்து நடக்கப்போய் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார்.

மருந்து வைத்துக் கட்டும்போது மகள் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அன்னிக்கு டாக்டர் சொன்னது உங்களை இல்ல, உங்க நோயை. இரக்கமே இல்லாம மேல மேல ஏறிக்கிட்டே இருக்கும்னு சொன்னார்."

அவர் கடிந்துகொள்வார் என்று நினைத்தாள்.

"அப்ப நான் கொஞ்சம் படுத்துக்கலாமாம்மா?" என்றார்.

பொழுது சாயும்வரை தூங்கினார். அம்மா கிண்ணத்தோடு வந்தபோது வாயைத் திறந்தார். கல்யாணம் ஆன புதிதில்கூட நீ இப்படிக் கவனித்ததில்லை என்று கிண்டலும் செய்தார். அம்மா சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதாள்.

சில மாதங்களில் பேச்சும் நின்றது. மகள் வேலைக்குக் கிளம்பினால் கண்ணாலேயே சரி என்பார். ஒரு நாள் அவள் திரும்பி வருவதற்குள் போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து, அம்மா மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.