முள் ஆடாத நேரம்

நானும் என் வீட்டுக்காரரும் பேசாமல் இருந்த இரண்டாம் நாள் அது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் தங்கை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வண்டிக்குள் நின்று சுவிட்ச் போடுகிற வேலைதானே என்று சொல்லிவிட்டார். சொன்னதுகூடப் பரவாயில்லை, சொல்லிவிட்டுச் சிரித்தார். தங்கையும் சேர்ந்து சிரித்தாள், கழுதை.

வெயிலும் குளிரும் உள்ளே இறங்காமலிருக்க, வீடுகளின் கூரைக்கு அடியில் நுரை அடிப்பது எங்கள் பிழைப்பு. வண்டிக்குள் மெஷினை ஓட்ட ஒரு ஜெனரேட்டர், இரண்டு பீப்பாய் ரசாயனம். மெஷின் இரண்டையும் சூடாக்கி, ஒரே அழுத்தத்தில், தனித்தனிக் குழாயில் அனுப்பும். நுரை அடிக்கிற துப்பாக்கிக்குள் போய்த்தான் இரண்டும் கலக்கும். கலந்ததும் பால் மாதிரிப் பொங்கி, அப்படியே இறுகிவிடும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நுரை இறுகாது, வீடே நாறும். அடிக்கும்போது கிளம்பும் ஆவி நுரையீரலுக்கு எமன். அதனால் அடிக்கிறவர் முகம் முழுக்க மூடிக்கொள்வார். வெளியே வைத்த ஒரு சின்ன பம்ப் நல்ல காற்றை இழுத்து அவர் முகமூடிக்கு அனுப்பும். அடிப்பது அவர், மெஷின் என் பொறுப்பு. சுவிட்ச் போடுகிறவளாம்!

அன்றைக்கு ஒரு டீச்சரம்மாவின் வீடு. நாளை வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று என் வீட்டுக்காரர் ஒரு தரம் சொன்னார், நான் ஒரு தரம் சொன்னேன். அந்தம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார்.

காற்று பம்பை வைப்பது எப்போதும் நான்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வண்டியை விட்டு எட்டத்தில் வைப்பேன். அன்று என்னிடம் கேட்க வேண்டுமே என்று அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டு கரண்டில் மாட்டினார். ராஜா எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் எட்டிப் பார்க்கவில்லை.

முகமூடிக்குள் இருந்து பேச முடியாது. நான் குழாயை இழுத்தால் அவர் பதிலுக்கு இழுப்பார், அவ்வளவுதான் பேச்சு. மற்றதை மெஷினில் அழுத்தம் காட்டும் இரண்டு முட்கள் சொல்லும். மேலே அவர் விசையை அழுத்தினால் முள் இறங்கும், விட்டால் ஏறும்.

முதலில் முட்கள் நன்றாக ஆடின. பிறகு விட்டு விட்டு ஆடின. அப்புறம் நின்றுபோயின. துப்பாக்கி அடைத்திருக்கும் என்று நினைத்துக் குழாயை இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதிலுமா வீம்பு, பார்த்துவிடலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் உறைத்தது. இந்த மனுஷர் என்னோடு சண்டை போடுவார். வேலையோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

மெஷினை நிறுத்தினேன், குழாய்களை அடைத்தேன், வண்டி ஜெனரேட்டரை அணைத்தேன். வடிகட்டி வைத்த மாற்று முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினேன். கூடவே வரப் பார்த்த டீச்சரம்மாவைத் தடுத்து, ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன். ஏணியில் ஏறும்போது சாமியைக் கூப்பிட்டேன், நடுநடுவே அவரைத் திட்டினேன்.

உத்தரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது, துப்பாக்கி மடியில் கிடந்தது. முதலில் அதன் பூட்டைப் போட்டுவிட்டு அவர் தோளை உலுக்கினேன். கண்ணைத் திறந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒவ்வொரு படியாக, என் தோளில் தாங்கி இறக்கினேன்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றிய பிறகுதான் பம்ப் என் கண்ணில் பட்டது. ஜெனரேட்டர் புகை வரும் வாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தது. மனுஷர் அத்தனை நேரமும் அந்தப் புகையைத்தான் சுவாசித்திருக்கிறார். நான் ஜெனரேட்டரை அணைத்த பிறகுதான் அவருக்கு நல்ல காற்றே போயிருக்கிறது.

"தலை சுத்தும்போதே குழாயை இழுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "நான் முதல்ல இழுத்தா, நான் எறங்கி வந்த மாதிரி ஆயிடுமேன்னு இருந்தேன்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நானும் அதே வீம்பில்தானே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்?

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நல்லவேளை, சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள் என்றார் டாக்டர். சாயங்காலம் என் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. எனக்குப் பசித்தது.

"இங்க பாருங்க," என்றேன். "இனிமே மெஷின் ஓடுற வரைக்கும் நாம பேசிக்கிட்டுதான் இருக்கணும். வீட்டுக்குப் போய் எவ்வளவு வேணாலும் சண்டை போடலாம்."

"எவ்வளவு வேணாலுமா?"

"ஆமா. அதுக்கு நீங்க உயிரோட இருக்கணுமில்ல?"

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.